துவான் கோசோங்

உட்கார்ந்த நாற்காலியைவிட்டு எழுந்திருக்காமல், வாயைத் திறக்காமல், இரண்டே விரலால், ஒரே நொடியில் இரண்டு தலைவர்களைக் கவிழ்த்த மனிதர் இந்த உலகத்திலேயே செந்தூல் தம்புசாமி ஒருவர்தான். இதைச் சொன்னவரும் செந்தூல் தம்புசாமிதான்.

“அதுலயும் எனக்கு ஓட்டே கிடையாது, மச்சான். ஓட்டு இல்லாமலே இந்தப் போடு. ஓட்டு மட்டும் இருந்திருந்தா நாடு தாங்கியிருக்காது.”

எதிரே உட்கார்ந்திருந்த இராமலிங்கம் வாயருகே கொண்டுபோன வடையைத் திரும்பத் தட்டில் வைத்தார். தம்புசாமியின் மனைவி சீதாலெட்சுமிக்கு அவர் அண்ணன். மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காப்பாரிலிருந்து மோட்டார் சைக்கிளில் தங்கையைப் பார்க்க வருவார். அந்த மோட்டார் சைக்கிள் காப்பாரில் கிளம்பும் சத்தம் செந்தூலில் கேட்கும். சத்தம் கேட்ட பிறகு உலை வைத்தால்கூட அவர் வந்து சேர்வதற்குள் சோறு ஆறிப்போயிருக்கும். இதுவும் தம்புசாமி சொன்னதுதான்.

இராமலிங்கம் முப்பத்தைந்து வருஷம் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். முத்திரை குத்தாத எதையும் நம்பாதவர். தன் கல்யாணத்தையே, அழைப்பிதழ் தன் வீட்டு முகவரிக்குத் தபாலில் வந்து சேர்ந்த பிறகுதான் நம்பினார் என்று காப்பாரில் இன்றும் பேச்சு உண்டு.

“மாப்பிள்ளை,” என்றார். “போன மாசம் பத்துமலையில ஒரு குரங்கு உங்களைப் பார்த்துக் கும்பிட்டுச்சுன்னு சொன்னீங்க. தங்கச்சி புருஷனாச்சேன்னு பேசாம கேட்டுக்கிட்டேன். இதுக்கு மேல என்னால முடியாது லா.”

“குரங்கு கும்பிட்டது நிஜம்.”

“வாழைப்பழம் கேட்டிருக்கும்.”

“குரங்கை விடுங்க. இது வேற. எழுத்துல இருக்கு. சாப் அடிச்சு இருக்கு.”

ரப்பர் முத்திரையைத்தான் இந்த நாட்டில் சாப் என்பார்கள். அந்தச் சொல் காதில் விழுந்ததும் இராமலிங்கத்தின் புருவம் ஒரு நூலளவு உயர்ந்தது. நூலளவுதான். உடனே இறங்கிவிட்டது.

மூன்றடி தள்ளிக் கடைக்காரி குமுதா வடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கண் எண்ணெயில் இல்லை. வாசல் கேட்டின் மேலேயே இருந்தது. தபால் வரும் நேரம்.

தம்புசாமி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

நடந்தது மெலூர் பிளாட்டில். பதினோரு மாடி. பாதி நாள் லிஃப்ட் ஓடாது, மீதி நாள் ஓடும் ஆனால் நிற்காது. கீழே ஓர் அங்சானா மரம். மரத்தடியில் இரண்டு மடக்கு மேசை, ஒரு பெரிய குடை, ஒரு கேஸ் அடுப்பு. இதுதான் குமுதாவின் கடை. காலையில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு, வடை, தேநீர். ஒன்பது வருஷமாக அங்கேதான். தரைத்தளத்தில் மூன்றாம் எண் வீடு அவளுடையது, அம்மா விட்டுப்போனது. வீட்டுக்கும் கடைக்கும் இருபது காலடி. அந்த இருபது காலடிதான் அவள் உலகம்.

கடைக்கு லைசென்ஸ் இல்லை. போன வருஷக் கடைசியில் விண்ணப்பம் போட்டாள். அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்: குடியிருப்பாளர் சங்கத் தலைவருக்குக் கடிதம் போடுவோம், பதினான்கு நாளுக்குள் அவர் ஆட்சேபம் சொன்னால் கடை கிடையாது, சொல்லாவிட்டால் லைசென்ஸ் உண்டு. அவ்வளவுதான். பழைய தலைவர் நல்ல மனுஷர், அவள் வடைக்கு அடிமை. ஆனால் அவர் மகளோடு கிள்ளானுக்குக் குடிபோய்விட்டார். நாற்காலி காலியானது. அதற்கு இரண்டு பேர் நின்றார்கள்.

ஒருவர் சுகுமாறன், ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். மற்றவர் செபாஸ்டியன், ஓய்வு பெற்ற ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர். இருவரும் ஒரே வயது, ஒரே உயரம், ஒரே நிறத்தில் ஒரே கார். இருவருக்கும் ஒரே வருஷத்தில் பைபாஸ். இரத்த அழுத்தம்கூட இருவருக்கும் ஒரே எண்தான். ஒருவருக்கு ஏறினால் மற்றவர் விட்டுக்கொடுக்காமல் ஏற்றிக்கொள்வார். தலையில் மிச்சமிருந்த முடியை ஒருநாள் தம்புசாமி இருவருக்கும் தெரியாமல் எண்ணிப் பார்த்தார். அதிலும் வித்தியாசமில்லை என்று சத்தியம் செய்வார்.

சுகுமாறன் வந்தால் பிளாட்டின் கீழே தாமரை வடிவத்தில் ஒரு நீரூற்று. செபாஸ்டியன் வந்தால் மோட்டார் சைக்கிளுக்குக் கூரை போட்ட கொட்டகை. இரண்டுக்கும் இருவரும் அளந்து வைத்திருந்த இடம் ஒன்றே. குமுதாவின் மரத்தடி. எல்லாவற்றிலும் முட்டிக்கொண்ட இரண்டு பேரும் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் கோவிலில் சேர்ந்து நின்று கும்பிடுகிறவர்கள்போல ஒத்துப்போனார்கள்.

தினமும் காலையில் இருவரும் அங்கேதான் நாசி லெமாக் சாப்பிடுவார்கள், அது வேறு விஷயம். தேர்தலன்று காலையிலும் சாப்பிட்டார்கள். குமுதா சம்பலை அள்ளி வைத்துக்கொண்டே கேட்டாள்.

“சுகு அங்கிள், நீங்க வந்தா என் மேசை?”

“சேச்சே, உன்னை விட்டுடுவோமா? பின்னாடி நல்ல இடம் பார்த்து வெச்சிருக்கேன்ம்மா. குப்பை ரூம் பக்கத்துல.”

அடுத்த மேசை.

“செபா அங்கிள், நீங்க வந்தா?”

“கவலையே படாதே, கண்ணு. உனக்குன்னு தனியா இடம் ஒதுக்கிட்டேன். குப்பை ரூமை ஒட்டினாப்ல. வாடையெல்லாம் பழகிடும்.”

இதைத் தம்புசாமி தன் இரண்டு காதாலும் கேட்டார். காலை ஆறு மணிக்கே அங்கே வந்து உட்காருகிறவர் அவர்.

தம்புசாமி அந்தக் கடையில் ஆர்டர் கொடுக்கும் விதத்தை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பின்னால் வரப்போகிற பூகம்பம் முழுக்க அதில்தான் இருக்கிறது. அவருக்கு மூன்று வருஷமாகச் சீனி வியாதி. ஐந்தாம் மாடியில் அவர் வீட்டுப் பால்கனியிலிருந்து பார்த்தால் மரத்தடி முழுக்கத் தெரியும். சீதாலெட்சுமி அங்கிருந்து பார்ப்பாள். அவள் பார்வைக்குத் தெரியும்படி தம்புசாமி கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்து, தலைக்கு மேலே தூக்கிக் காட்ட வேண்டும். வட்டம் என்றால் கோசோங். சீனி இல்லாத தேநீர் கோசோங், உள்ளே ஒன்றும் வைக்காத ரொட்டி கோசோங், தொலைபேசி எண்ணில் சுழி கோசோங், ஆள் இல்லாத கழிப்பறையும் கோசோங். இந்த நாட்டில் எது வெறுமையாக இருந்தாலும் மலாய்க்காரர், சீனர், தமிழர் என்ற பேதமில்லாமல் எல்லோருக்கும் அது கோசோங்தான்.

குமுதாவுக்கும் ஒரு பழக்கம் உண்டு. வந்த ஆர்டரைத் தானே ஒருமுறை உரக்கச் சொன்னால்தான் அவளுக்குக் கை ஓடும். ஆள் சிறுசு, குரல் பெரிசு. “நாசி லெமாக் ரெண்டு!” என்றால் பதினோராம் மாடியில் குழந்தை விழித்துக்கொள்ளும். தம்புசாமி வட்டத்தைத் தூக்கியதும் “தே ஓ கோசோங் ஒண்ணு!” என்று முழங்குவாள். தே ஓ என்றால் பால் கலக்காத தேநீர். ஐந்தாம் மாடியில் சீதாலெட்சுமி திருப்தியாக உள்ளே போவாள்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, மரத்துக்குப் பக்கத்திலேயே உள்ள திறந்த மண்டபத்தில். வீட்டுக்கு ஓர் ஓட்டு. தம்புசாமியின் வீடு சீதாலெட்சுமி பெயரில் இருந்தது. அவள் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள், இவர் மரத்தடியில் உட்கார்ந்தார். அவள் யாருக்குக் கை தூக்கினாள் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. கேட்கிற துணிச்சலும் இல்லை.

சங்கச் செயலாளர் உஷாராணி கைகளை எண்ணினார். கோர்ட்டில் முப்பது வருஷம் மொழிபெயர்ப்பாளராக இருந்த அம்மா அவர். யார் என்ன சொன்னார்களோ அதை ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதுவார். என்ன அர்த்தத்தில் சொன்னார்கள் என்பது அவருக்கு அனாவசியம்.

“சுகுமாறன், முப்பத்து நாலு. செபாஸ்டியன், முப்பத்து நாலு.”

மறுபடி எண்ணினார்கள். முப்பத்து நாலு, முப்பத்து நாலு. மூன்றாம் முறை சுகுமாறன் ஆளே எண்ணினார், செபாஸ்டியன் ஆள் பின்னாலேயே நின்று எண்ணுகிறவரை எண்ணினார். அதே கணக்கு. மண்டபத்தில் மூச்சு விடும் சத்தம் நின்றது. அங்சானா மரம் இலை உதிர்ப்பதைக்கூட நிறுத்திவிட்டது. செந்தூலில் ஓடிக்கொண்டிருந்த எல்.ஆர்.டி. ரயில் பாலத்தின் மேல் அப்படியே நின்றுவிட்டது என்பார் தம்புசாமி. ரயில் தினமும் அந்த நேரத்துக்கு அங்கே நிற்கும், அது ஸ்டேஷன்.

“விதி பதினாலு,” என்று உஷாராணி சட்டப் புத்தகத்தைப் பிரித்தார். “சமநிலை ஏற்பட்டால், ஓட்டுப் போடாத வீட்டின் ஓட்டைக் கேட்டுப் பெற வேண்டும். அது பதிவாகிச் சாப் அடித்தால், நின்றவர்கள் எல்லோரும் அங்கேயே சேர்ந்து எழுதிக் கொடுத்தாலொழிய, அடுத்த வருஷப் பொதுக்கூட்டம் வரை யாராலும் மாற்ற முடியாது.”

அந்த விதியை எழுதியவர்கள் யார் தெரியுமா? பத்து வருஷத்துக்கு முன் கூட்டாளிகளாக இருந்த காலத்தில் சுகுமாறனும் செபாஸ்டியனும் சேர்ந்து எழுதியது. அப்போதே இருவரும் மற்றவரை மனதில் வைத்துத்தான் எழுதினார்கள்.

அன்றைக்கு ஊரில் இருந்தும் ஓட்டுப் போடாத வீடு ஒன்றே ஒன்று. தரைத்தளம், மூன்றாம் எண்.

அறுபத்தெட்டுத் தலைகள் மரத்தடிப் பக்கம் திரும்பின. குமுதா கையில் தேநீர் வடிகட்டியோடு நின்றாள். ஒன்பது வருஷத்தில் அவளை யாரும் கருத்துக் கேட்டதில்லை. சம்பல் காரமா என்று இவள்தான் எல்லோரையும் கேட்டிருக்கிறாள்.

இரண்டு தலைவர்களும் ஒரே சமயத்தில் எழுந்து ஒரே சமயத்தில் அவள் மேசைக்கு வந்து சேர்ந்தார்கள். மரத்தடியை விட்டுத் தருகிறேன் என்று சொல்லலாம் என்றால் முடியாது. நீரூற்றுக் கேட்ட முப்பத்து நாலு பேரும் கொட்டகை கேட்ட முப்பத்து நாலு பேரும் கூடவே வந்து முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். ஆகவே ஏலம் குப்பை ரூமைச் சுற்றியே நடந்தது.

“குமுதாம்மா, குப்பை ரூம் பக்கத்துல உனக்குச் சிமெண்டுத் தரை போட்டுத் தரேன்.”

“நான் டைல்ஸ் போட்டுத் தரேன், கண்ணு.”

“மேல கூரை. கூடவே ஒரு ஃபேன்.”

“ரெண்டு ஃபேன். ஒண்ணு உனக்கு, ஒண்ணு வாடையைத் திருப்பி அனுப்ப.”

“வாடையே வராம சுவத்துல தாமரை வரைஞ்சு தரேன்!”

குமுதா இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். யாருக்குத் தலையாட்டினாலும் நாளை முதல் குப்பை ரூம். யாருக்கும் தலையாட்டாவிட்டாலும் நாளைக் காலை ஏழு மணிக்கு இதே இரண்டு பேர் நாசி லெமாக்குக்கு வந்து நிற்பார்கள். அவர்கள் முகத்தில் அவள் விழிக்க வேண்டும்.

உஷாராணி குறிப்பேட்டோடு மேசைக்கு முன்னால் வந்து நின்றார். அலுவலகத்துக்குப் போகவேண்டிய குறிப்பு, மலாயில் எழுத வேண்டியது. ஆகவே கோர்ட்டு வழக்கப்படி இரண்டு மொழியிலும் கேட்டார்.

“மூணாம் நம்பர் வீடு, குமுதா. சங்கத்துத் தலைவர் யாரு? சியாப்பா பெங்கெருசி?”

அந்த நேரம் பார்த்துத்தான் தம்புசாமிக்குத் தொண்டை வறண்டது. காலையிலிருந்து ஒரு கிளாஸ்தான். அவர் கையைத் தலைக்கு மேலே தூக்கினார். கட்டைவிரல், ஆள்காட்டி விரல். வட்டம்.

“கோசோங்!” என்றாள் குமுதா.

பதினோரு மாடிக்கும் கேட்டது.

உஷாராணி எழுதினார். பெங்கெருசி: கோசோங். பையிலிருந்து சாப்பை எடுத்தார், ஊதினார், அடித்தார். அந்த ‘டொக்’ சத்தம் இருக்கிறதே, அதில்தான் சுகுமாறனும் செபாஸ்டியனும் ஒன்றாகக் கவிழ்ந்தார்கள்.

“ஏம்மா, அவ தேத்தண்ணி ஆர்டர் சொன்னாம்மா!” என்று சுகுமாறன் அலறினார்.

“தம்புசாமி கையைக் காட்டினான், நான் பார்த்தேன்!” என்றார் செபாஸ்டியன்.

“நான் கேள்வி கேட்டேன். பதில் வந்தது. எழுதினேன்.” உஷாராணி குமுதாவிடம் திரும்பினார். “நீ சொன்னதை நான் சரியா எழுதியிருக்கேனா?”

குமுதா எட்டிப் பார்த்தாள். “சரியாத்தான்க்கா இருக்கு.”

“மாத்தணும்னா இப்பவே ரெண்டு பேரும் சேர்ந்து எழுதிக் குடுங்க. சாப்பை ரத்து செஞ்சுட்டு மறுபடி அவகிட்டயே கேட்கிறேன்.”

மறுபடி அவளிடமே. சுகுமாறன் செபாஸ்டியனைப் பார்த்தார். செபாஸ்டியன் சுகுமாறனைப் பார்த்தார். மறுபடி கேட்டு அவள் அந்த ஆள் பெயரைச் சொல்லிவிட்டால்? அவன் வருவதற்கு யாருமே வராமல் இருப்பது எவ்வளவோ தேவலை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தொண்டையைக் கனைத்தார்கள்.

“இருக்கட்டும்,” என்றார் சுகுமாறன்.

“ஒரு வருஷம்தானே,” என்றார் செபாஸ்டியன்.

மண்டபம் கைதட்டியது. இரண்டு பேரும் வாய்விட்டு ஒத்துப்போனதைப் பத்து வருஷமாக அந்த பிளாட்டில் யாரும் கண்ணால் கண்டதில்லை. அந்தக் கலவரம் அடங்குவதற்குள் குமுதா தம்புசாமி முன்னால் ஒரு கிளாஸ் தேநீரை வைத்துவிட்டுப் போனாள். ஒரு மடக்குக் குடித்தார். ஆகா! மூன்று வருஷத்தில் அப்படியொரு தேநீரை அவர் குடித்ததில்லை. நாக்கில் பட்ட இடமெல்லாம் தேன். வெற்றியின் ருசி இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, கிளாஸின் அடியில் ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

அதோடு முடிந்திருந்தால்கூட சரி. குறிப்பு அலுவலகத்துக்குப் போனது. எந்த அலுவலகம் என்று நான் சொல்லப்போவதில்லை. அங்கே யாரோ ஒரு மகானுபாவர் ‘பெங்கெருசி: கோசோங்’ என்பதைப் பார்த்தார். தலைவர் இடம் காலி என்று அவர் படிக்கவில்லை. தலைவர் பெயர் கோசோங் என்று படித்தார். ஏதோ சீனப் பெயர் என்று நினைத்தாரோ என்னவோ. அடுத்த வாரமே முதல் கடிதம் வந்தது. ‘மதிப்பிற்குரிய துவான் கோசோங் அவர்களுக்கு’ என்று. துவான் என்றால் ஐயா. பதவியேற்றதற்கு வாழ்த்து. பிறகு தீ விபத்துத் தடுப்புப் பயிற்சிக்கு அழைப்பு. பிறகு ஒரு விருந்துக்கு அழைப்பு, அங்கே முதல் வரிசையில் அவருக்கு நாற்காலி போட்டுப் பெயர் எழுதி வைத்திருந்தார்களாம்; கூட்டம் முடியும்வரை அது கோசோங்காகவே இருந்ததாம். நேர்மையான மனிதர், எதையும் சாப்பிட மாட்டார் என்று பெயர் வேறு வாங்கிவிட்டார்.

“போதும் மாப்பிள்ளை,” என்று இராமலிங்கம் கையை உயர்த்தினார். “கதை நல்லா இருக்கு. வடையை விட நல்லா இருக்கு. ஆனா ஒரு கேள்வி. நீங்க வட்டம் காட்டினா இந்தப் பொண்ணு என்ன சொல்லும்?”

“தே ஓ கோசோங் ஒண்ணு.”

“அன்னிக்கு?”

“கோசோங்னுச்சு.”

“தே ஓ எங்க போச்சு? ஒண்ணு எங்க போச்சு?”

தம்புசாமி மூன்று மாதமாக இந்தக் கதையை நாற்பது பேருக்குச் சொல்லியிருக்கிறார். ஒருவர்கூட இப்படி வீட்டு எண் கேட்கிறவர்போலக் கேட்டதில்லை.

“அவசரத்துல விட்டுடுச்சு,” என்றார்.

“முகவரி பாதி இருந்தா கடிதம் போய்ச் சேராது, மாப்பிள்ளை. நான் நம்பல. ஓட்டும் நம்பல, துவானும் நம்பல. ஓட்டே இல்லாத கதை.”

அப்போது கேட்டுக்கு வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. குமுதா அடுப்பை அணைத்தாள். எண்ணெயில் வடை இருக்கும்போதே அணைத்தாள்.

தபால்காரர் கிஷன் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே வந்தார். தினமும் இந்த மரத்தடியில் ஒரு தேநீர் குடித்துவிட்டுத்தான் அவர் அடுத்த பிளாக்குக்குப் போவார். இன்று பையிலிருந்து நீளமான ஓர் உறையை எடுத்தார்.

“அக்கா, துவான் கோசோங்குக்குப் பதிவுத் தபால்.”

இராமலிங்கத்தின் கை தானாக நீண்டது. உறையை வாங்கிப் பார்த்தார். அரசாங்க உறை. முத்திரை தெளிவாக விழுந்திருந்தது. முகவரி டைப் அடித்தது: துவான் கோசோங், தலைவர், மெலூர் பிளாட். திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். தபால்காரப் புத்தி மட்டும் தோற்கச் சம்மதிக்கவில்லை.

“தம்பி, பதிவுத் தபாலைப் பெயர்க்காரர்கிட்டதானே குடுக்கணும்? இந்த ஆளைக் கண்ணால பார்த்திருக்கியா?”

“மூணு மாசமா குடுத்துக்கிட்டிருக்கேன், அங்கிள்,” என்றார் கிஷன். “துவான் எப்பவும் வெளியில இருப்பாரு. உஷா ஆன்டிதான் செயலாளர் சாப் அடிச்சு வாங்கிக்குவாங்க. ஒருநாளும் சத்தம் போட்டதில்ல, ரொம்பத் தங்கமான மனுஷர்னு நெனைக்கிறேன்.”

செயலாளருக்குக் குமுதா போன் போட, உஷாராணி சாப்போடு லிஃப்டிலிருந்து இறங்கி வந்தார். அன்று லிஃப்ட் நின்றது. அதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? அவர் உறையைப் பிரித்து, கோர்ட்டில் வாசிக்கிற குரலில், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னார்:

“‘மெலூர் பிளாட் மரத்தடியில் உணவுக்கடை வைக்கக் குமுதா என்பவர் செய்த விண்ணப்பம் தொடர்பாகத் தங்களுக்கு எழுதியிருந்தோம். பதினான்கு நாளுக்குள் துவான் கோசோங் அவர்களிடமிருந்து ஆட்சேபம் எதுவும் வரவில்லை. எனவே, அதே இடத்துக்கு லைசென்ஸ் அங்கீகரிக்கப்படுகிறது. துவானின் ஒத்துழைப்புக்கு நன்றி.’ கையெழுத்து. சாப்.”

குமுதா மரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். கையை முந்தானையில் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு அடுப்பைப் பற்ற வைத்தாள். பாதி வெந்த வடைகள் எண்ணெயில் மறுபடி குதிக்க ஆரம்பித்தன.

“பார்த்தீங்களா மச்சான்!” தம்புசாமி எழுந்தே நின்றுவிட்டார். இரண்டு விரலையும் வட்டமாக்கி அங்சானா மரத்துக்கே காட்டினார். “இந்த ரெண்டு விரல்! இதுதான்! இதுக்குத் தங்கக்கவசம் போட்டு வைக்கணும்!”

இராமலிங்கம் அவரைக் கவனிக்கவில்லை. கடிதத்தை மடித்து உஷாராணியிடம் கொடுத்துவிட்டுக் குமுதா பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, நான் ஒண்ணு கேட்கலாமா? அன்னிக்கு ‘தே ஓ’ எங்க போச்சு?”

குமுதா கரண்டியால் எண்ணெயை வடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் சிரித்தாள். அப்புறம்தான் பேசினாள்.

“ரெண்டு பேருமே நம்ம கடையில சாப்பிடுறவங்க, அங்கிள். நீங்க வேணாம்னு அவங்க மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது? மறுநாளு வந்து நிப்பாங்களே. உஷாக்கா யாரு தலைவர்னு மலாய்ல கேட்டாங்க. ஆர்டர் எடுக்கிற குரல்லயே பதில் சொல்லிட்டேன். ஆர்டர்னு நெனைக்கிறவங்க ஆர்டர்னு நெனைச்சுக்கட்டும்னு விட்டுட்டேன்.”

“அப்ப இவர் விரலைக் காட்டினாரே?”

“காட்டினாங்களா?” குமுதா தம்புசாமியைப் பார்த்தாள். “நான் பார்க்கவே இல்லியே, அங்கிள். காலையில இருந்து காய்ஞ்சு போய் உட்கார்ந்திருந்தீங்க, பாவமா இருந்துச்சு. நானா ஒண்ணு கலக்கி வெச்சேன். நெஞ்சு படபடன்னு அடிச்சதுல, யாருக்குன்னு நெனைவே இல்லாம ரெண்டு கரண்டி சீனி போட்டுட்டேன். அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. நீங்க ஒண்ணும் சொல்லலியா, சரி, குடிக்கலைன்னு நெனைச்சேன்.”

தம்புசாமியின் இரண்டு விரல்களும் மெல்லப் பிரிந்தன. வெற்றியின் ருசி. இரண்டு கரண்டி.

ஐந்தாம் மாடி பால்கனியில் சீதாலெட்சுமி வந்து நின்றிருந்தாள். “என்ன அங்க சத்தம்?” என்று கேட்டாள். “சீனின்னு காதுல விழுந்துச்சே?”

தம்புசாமி மச்சானைப் பார்த்தார். முப்பத்தொன்பது வருஷக் கல்யாண வாழ்க்கையில் அப்படி ஒரு பார்வையை அவர் யாரையும் பார்த்ததில்லை. இராமலிங்கம் தலையை அண்ணாந்து தங்கையிடம், “ஒண்ணுமில்லம்மா. கோசோங்,” என்றார்.

அவள் உள்ளே போகும்வரை பொறுத்திருந்தார். தட்டில் வைத்த வடையைக் கையில் எடுத்தார், ஒரு கடி கடித்தார், மென்று விழுங்கினார்.

“ஒத்துக்கிறேன், மாப்பிள்ளை,” என்றார். “நடந்துதான் இருக்கு. எழுத்துல இருக்கு, முத்திரையும் இருக்கு. உங்க விரலாலன்னு மட்டும் அதுல எங்கயும் போடல.”